பனிமடு ஆற்றில் ஒன்பது கிலோமீட்டர்

"ஒன்பது கிலோமீட்டருங்க மேடம். பூரா ஆத்துக்குள்ளயேதான் நடக்கணும். கரையில கால் வைக்க இடமே கிடையாது!"

வனக்காவலர் போஜன் சொன்னதைக் கேட்டும் ரெஜினா வரைபடத்திலிருந்து தலை நிமிரவில்லை. மீன் ஆராய்ச்சியாளர் இருதயராஜ், முந்தாநாள் காலை பனிமடு ஆற்றின் தலைப்பகுதிக்குப் போனவர். நேற்று மாலையே முகாமுக்குத் திரும்பியிருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாத பொன்வரிக் கெண்டை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. அவருடன் போக வேண்டியவள் அவருடைய உதவியாளர் ரெஜினா. அன்று அவளுக்குக் காய்ச்சல். அவர் தனியாகவே கிளம்பிவிட்டார்.

நீலகிரியின் அந்த மூலையில் மூடுபனி இறங்கி இரண்டு நாளாகிறது. பனி விலகாமல் மலைமுகட்டு வழியாக மீட்புக் குழு வர முடியாது. போவதென்றால் இப்போதே போக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மழை என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

"மேல மழை பிடிச்சா, ஒரு மணி நேரத்துல ஆளுயரத்துக்குத் தண்ணி வந்துடும்," என்றார் போஜன்.

"அப்ப நின்னு பேசிட்டு இருக்கக் கூடாது!" என்று எழுந்தான் கிரிதரன். முகாமின் படகோட்டி அவன். பாறை ஏறுவதில் கெட்டிக்காரன். ஆறடி இரண்டங்குலம்.

கிடங்கில் ஐந்து ஜோடி வேடர்ஸ் தொங்கின. தூண்டில்காரர்கள் குளிர்ந்த ஆற்றில் இறங்கும்போது போட்டுக்கொள்கிற, பாதத்திலிருந்து மார்பு வரை ஏறும் நீர்புகா உடை அது. பனிமடு ஆற்றில் வெறுங்காலோடு அரை மணி நேரம் நின்றால் போதும், கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

ரெஜினா முதலில் எடுத்தது ரப்பர் பூட்ஸ் சேர்த்தே ஒட்டியிருந்த கனமான ஜோடி. போட்டுக்கொண்டு கிடங்கைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் உள்ளே எழும்பி எழும்பி உரசியது. கழற்றினாள். இரண்டாவதைப் போட்டு முழங்காலை வயிறு வரை தூக்கினாள். தொடையில் இழுத்துப் பிடித்தது.

"ரெஜினா, அங்க ஒரு மனுஷன் கிடக்கிறாரு! நீ என்ன துணிக்கடைக்கா வந்திருக்க?" கிரிதரன் பொறுமை இழந்தான்.

அந்தப் பேச்சு அவளைச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்றாவது, மெல்லிய துணியால் ஆனது. வியர்வையை வெளியே விடும். அடியில் காலுறை மட்டும்தான். அதன்மேல் கயிறு கட்டும் பூட்ஸைத் தனியாகப் போட வேண்டும். கம்பளிக் காலுறைக்கு மேல் அதை மாட்டி, கணுக்காலோடு இறுக்கிக் கட்டினாள். குந்தி உட்கார்ந்தாள், எழுந்தாள், படி ஏறி இறங்கினாள். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் உரசவில்லை. பாறையில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் தடித்த கம்பளித் துணி ஒட்டியிருந்தது. போஜனுக்கும் அதே வகையில் ஒன்று பொருந்தியது.

கிரிதரனின் உயரத்துக்கு இருந்தது ஒன்றே ஒன்று. நுரை ரப்பரில் செய்த தடித்த உடை, பூட்ஸ் ஓர் அளவு சின்னது.

"கால் விரல் மடங்குது போலிருக்கே?" என்றாள் ரெஜினா.

"நடக்க நடக்க சரியாயிடும். வா!"

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவனுடைய பலம் தேவைப்படும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். இடுப்பு வாரை மட்டும் மூவரும் இறுக்கிக் கட்டியிருப்பதைச் சரிபார்த்தாள். ஆற்றில் இறங்கியபோது இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. அந்த இருபத்தைந்து நிமிடம் அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

முதல் மூன்று கிலோமீட்டர் முழங்கால் தண்ணீர். போஜன் மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே முன்னால் போனார். இருபுறமும் சோலை சுவராக நின்றது. "சார்! இருதயராஜ் சார்!" என்று ரெஜினா கூப்பிட்ட குரலைப் பனி விழுங்கிக்கொண்டது.

நான்காவது கிலோமீட்டரில் கிரிதரன் பின்தங்கினான். அந்தக் குளிரிலும் அவன் முகத்தில் வியர்வை வழிந்தது. கேட்டால், "ஒண்ணுமில்ல" என்றான். அடுத்த மடுவைக் கடக்கும்போது நொண்டிக்கொண்டு வந்த கால் பாறையில் வழுக்க, ஆள் அப்படியே தண்ணீருக்குள் போனான்!

"போஜண்ணா! கழி!"

போஜன் நீட்டிய கழியைக் கிரிதரன் எட்டிப் பிடித்தான். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வார் இறுக்கமாக இருந்ததால் இடுப்புக்குக் கீழே தண்ணீர் அதிகம் இறங்கவில்லை. இல்லையென்றால் அந்த உடையே அவனைக் கீழே இழுத்திருக்கும். கரைப்பாறையில் உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றினார்கள். இரண்டு குதிகாலும் கிழிந்து, காலுறை சிவந்திருந்தது.

"என்னை விட்டுட்டுப் போங்க," என்றான் கிரிதரன். "நான் வந்தா உங்களுக்கும் சேர்த்து லேட்டாகும்."

ரெஜினா அவன் பாதங்களில் துணி சுற்றிக் கட்டினாள். "தப்பு என்னோடது, கிரி. அங்கேயே உன்னைத் தடுத்திருக்கணும்." தலைக்கு மேலே புல் படர்ந்த ஒரு சரிவு தெரிந்தது. வாக்கி டாக்கியை அவனிடம் கொடுத்தாள். "முடிஞ்சா அந்த மேட்டுக்கு ஏறிடு. இங்க இருக்காத. தண்ணி வரும். மேல சிக்னல் கிடைச்சா நாங்க எங்க இருக்கோம்னு சொல்லு."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் கால் நகராது என்று பயம்.

போஜன் கழியூன்றி முன்னால் போனார். இடுப்பளவு தண்ணீர், வழுக்குப் பாறை, மறுபடியும் தண்ணீர். தொடைகள் கெஞ்சின. பாதங்கள் மட்டும் நலமாக இருந்தன. இரண்டரை மணிக்கு மேற்கே இடி உருண்டது. போஜன் சட்டென்று நின்றார்.

"கேக்குதுங்களா?"

விசில்! மெலிதாக, விட்டு விட்டு.

ஆற்றின் நடுவே ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் சுருண்டு கிடந்தார் இருதயராஜ். வலது கணுக்கால் ஒடிந்து வீங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?" என்று கேட்டார் அவளைப் பார்த்து.

ரெஜினாவுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. ஆறு நிறம் மாறிக்கொண்டிருந்தது. செம்மண் கலந்த நுரை பாறையைத் தொட்டுப் போனது.

"வந்துடுச்சுங்க மேடம்! தூக்குங்க!"

போஜன் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டார். ரெஜினா பின்னாலிருந்து தாங்கினாள். பாறைக்கும் கரைக்கும் இருபதடி. மார்பளவு தண்ணீர் தள்ளியது. ஓர் அடி வைத்து, ஊன்றி, அடுத்த அடி. ஒரு கால் வழுக்கினாலும் மூவரும் ஆற்றோடு போக வேண்டியதுதான். வழுக்கவில்லை. வேர்களைப் பிடித்துக் கரைமேலிருந்த பாறைத் திட்டுக்கு ஏறி விழுந்தார்கள். பத்தே நிமிடம். அந்தத் தட்டைப் பாறை தண்ணீருக்கடியில் மறைந்துபோனது.

ரெஜினா தன் முதுகுப் பையிலிருந்த உலர்ந்த கம்பளிச் சட்டையை அவருக்குப் போர்த்தினாள். சர்க்கரை கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். அவர் கழுத்தில் தொங்கிய கேமராவைக் காட்டினார். அதன் சின்னத் திரையில், கூழாங்கற்களுக்கு மேலே, உடம்பில் பொன்கோடு ஓடும் ஒரு விரலளவு மீன்.

"பார்த்துட்டேன் ரெஜினா," என்றார். "பதினொண்ணு எண்ணினேன்."

மறுநாள் காலையில் பனி விலகியது. மேலே முகட்டிலிருந்து கயிறுகள் இறங்கின. மீட்புக் குழுவுக்கு முன்னால், துணி சுற்றிய காலோடு நின்று, "அங்க! அந்தத் திட்டுல!" என்று கத்திக்கொண்டிருந்தவன் கிரிதரன். மூன்று மணி நேரம் தவழ்ந்து மேட்டில் ஏறி வாக்கி டாக்கியில் அவன்தான் சேதி சொல்லியிருந்தான்; வழிகாட்ட அவர்களோடேயே வந்தும் இருந்தான். ரெஜினா அவனைக் கட்டிக்கொண்டாள்.

முகாமில் ஊரே திரண்டிருந்தது. தூக்குப் படுக்கையைக் கண்டதும் கைதட்டல் எழுந்தது. இருதயராஜின் மனைவி ஞானசெல்வம் ரெஜினாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அவ்ளோ தூரம் எப்படிம்மா நடந்தீங்க?"

"கிளம்பறப்ப காலுக்குப் பொருந்துதான்னு நிதானமாப் பார்த்து மாட்டிக்கிட்டோம்க்கா," என்றாள் ரெஜினா. "அந்த இருபத்தஞ்சு நிமிஷம்தான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு."

யாரோ சூடான உப்புமாத் தட்டை அவள் மடியில் வைத்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டதும், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.