நெடுங்கீரன் எந்தக் கூரை?

செம்பரல் நகரில் காலைக் காபிக்கு முன்பே நினைவு இறங்கிவிடும். செவ்வாய்க் கோளில் பிறந்த எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் நினைவுச்செருகி உண்டு. அதன் வழியே, என்றோ நடந்தது நேரில் பார்த்ததுபோல மனதில் பதியும். அதெல்லாம் பழைய பதிவுகள் என்றே மக்கள் நம்பினார்கள். உண்மையில் அவற்றை எழுதுகிறவள் வரலாற்றுத் துறையின் எயினி.

அன்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நகரம் வடகூரை, தென்கூரை என்று இரண்டு கண்ணாடிக் குடியிருப்புகள். உயிர்வளி ஆலை வடக்கில், பனிச்சுரங்கம் தெற்கில். காற்றை அடைப்போம், தண்ணீரை நிறுத்துவோம் என்று சண்டை முற்றிவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு வீர வரலாறு இருந்தால் இவர்கள் ஒரே நாடாகிவிடுவார்கள் என்றார் மன்றத் தலைவர் ஆதன். இருந்த வரலாறோ வெறும் குழாய்த் தகராறு. எனவே எயினி நெடுங்கீரனைப் படைத்தாள்: முதல் புழுதிப்புயலில் கிழிந்த கூரையைத் தன் முதுகால் அடைத்து, எல்லோரும் தப்பும்வரை நின்றபடியே உறைந்துபோனவன்.

நினைவு இறங்கியது. இரு கூரைக்காரர்களும் தெருவில் கட்டிப்பிடித்து அழுதார்கள். தன் கற்பனை என்று தெரிந்தும் எயினியும் சேர்ந்து அழுதாள்.

சிலை வைக்கும் பேச்சு வந்தபோதுதான், அவர் எந்தக் கூரைக்காரர் என்று யாரோ கேட்டுவைத்தார்கள். சாயங்காலத்துக்குள் வடக்கில் அவருக்குப் பேரப்பிள்ளைகள் முளைத்தார்கள். தெற்கில் அவர் பிறந்த வீட்டையே காட்டினார்கள். மறுநாள் வடக்கு காற்றுக்குழாயை மூடியது. தெற்கு தண்ணீரை நிறுத்தியது.

ஆதன் தடுத்தும் கேளாமல் எயினி சதுக்கத்துக்கு ஓடினாள். கம்பிகளோடு எதிரெதிரே நின்ற கூட்டங்களுக்கு நடுவே போய் நின்றாள்.

"நெடுங்கீரன்னு யாருமே இல்லீங்க. நான்தான் எழுதினேன். இல்லாத ஆளுக்காக ஏன் மூச்சு முட்டிச் சாகுறீங்க?"

தெற்கிலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். "எங்க கண்ணால பார்த்த மனுஷனை இல்லேங்கிறியா?"

வடக்கிலிருந்து ஒருவன் வந்து அவள் பக்கத்தில் நின்றான். "நல்லாக் கேளுக்கா."

அன்றே காற்று வந்தது, தண்ணீர் வந்தது. வடக்கும் தெற்கும் தோளோடு தோள் உரசி ஊர்வலம் போயின. எயினி தன்னை அடைத்துவைத்த காவலறையின் ஜன்னல் வழியே அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனாள். அவள் கேட்டது இந்த ஒற்றுமையைத்தானே?

ஆதன் மூச்சிரைக்க வந்தார். "நீ ஜெயிச்சுட்டேம்மா. முதல் தடவையா ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்காங்க. உன்னை நாடு கடத்தணுமாம்."

"எங்கே?"

"பூமிக்கு. வரலாறு எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு அங்கே எப்பவும் வேலை இருக்காம்."