நூறு மார்க் வாங்கிய பிணம்

"ஐயோ... பொணம்!"

காலை பத்து நாற்பது.

கடுகண்ணாவை 'பனிமலர்' ஐஸ்கிறீம் ஃபெக்டரியில் அறுபது பேர் வேலை செய்கிறார்கள். ராக்கம்மா போட்ட கூச்சல் மீதி ஐம்பத்தொன்பது பேருக்கும் கேட்டது. கணவாயில் ஏறிக்கொண்டிருந்த பதுளை ரயிலுக்கும் கேட்டு, டிரைவர் ஹோர்ன் அடித்துப் பதில் சொன்னாராம்!

வெனிலா பெட்டி எடுக்கத்தான் ராக்கம்மா கூல் ரூம் கதவை இழுத்தார்.

வெனிலா வரவில்லை.

மெனேஜர் கஜேந்திரன் வந்தார்... குப்புற!

நீல உதடு. விறைத்த விரல்கள். தினமும் அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்று வளர்த்த மீசை, இப்போது வெள்ளை வெளேரென்று... பனி! தரையில் விழுந்தபோது மனுசன் 'டங்' என்று சத்தம் போட்டதாக ராக்கம்மா சத்தியம் செய்தார்.

"மீசையப் பாருங்கடி... அரை மணி நேரத்துல கிழவனாகிட்டாரு!"

"அத அப்புறம் பாக்கலாம், அக்கா. தள்ளுங்க. ஒரு சாக்கு கொண்டாந்து போத்துங்க."

சொன்னவள் கலாராணி. ஆபீஸ் கிளார்க். முப்பது வயது. அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அழுகை இல்லை.

"அம்புலன்ஸுக்கு யாராச்சும் அடிங்கடி!"

"அடிச்சாச்சு, அக்கா."

அம்புலன்ஸ் வந்தது. மெனேஜரை அள்ளிப் போட்டுக்கொண்டு கண்டிக்குப் பறந்தது.

ராக்கம்மா மட்டும் கலாராணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே கதவுக்குப் பின்னால்தான் கலாராணியின் தம்பி ரமேஸும் விறைத்துக் கிடந்தான். அவன் எழுந்திருக்கவே இல்லை!

* * *

இன்ஸ்பெக்டர் றிஸ்வி ஜீப்பிலிருந்து இறங்கினார். வயிறு முதலில் இறங்கியது. அவர் பிறகு.

"என்ன மொதலாளி... மூணு மாசத்துல ஒரே ரூமுல ரெண்டு பேரா? இது கூல் ரூமா, ஆள் பொதைக்கிற கபுறா?"

முதலாளி முத்துலிங்கத்துக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். கடுகண்ணாவைக் குளிரிலும் வியர்க்கக்கூடிய ஒரே மனிதர்.

"இன்ஸ்பெக்டர், கொம்பனியில ஒரு பிழையும் இல்லை! இஞ்ச பாருங்கோ... சேர்ட்டிபிகேட்!"

மெனேஜர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு முன்பே ஃபைல் நீண்டது.

"ஒன்லைன் பாதுகாப்புப் பயிற்சி. பன்னிரண்டு பாடம், இருபது கேள்வி. கஜேந்திரன் நூற்றுக்கு நூறு! அவ்வளவு படிச்சும் மாட்டுப்பட்டா... அது அவற்ற கவனயீனம். நாங்கள் என்ன செய்யிறது?"

"அந்தப் பொடியன் மவுத்தானப்பவும் இதே பேச்சுத்தானே பேசின?"

"ஓம்! அவனும் நூறு! நாளைக்கு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லேபர் கந்தோரில அந்த ஃபைலையும் மூடுறாங்கள். 'தொழிலாளியின் சொந்தக் கவனயீனம்.' அவ்வளவுதான்!"

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்ற கலாராணிக்கு அது கேட்டது.

தம்பி பெயருக்குக் கீழே ஒரே வரி. அந்த ஒரு வரி வரக்கூடாது என்று மூன்று மாதத்தில் ஏழு தடவை லேபர் ஆபீஸ் படி ஏறியிருக்கிறாள். இன்னும் ஒரு நாள்தான் பாக்கி.

"தங்கச்சி... நீங்க உள்ளுக்கு வாங்க. மொதலாளி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

* * *

"ஒக்காருங்க, தங்கச்சி. அந்தக் கதவுக்கு எப்பவும் ஒரு கட்டை வெச்சு ஈக்குமாமே. அது எங்க?"

"எடுத்துட்டேன், சார்."

"என்னத்துக்கு?"

"ஒம்பதாம் பாடம், சார். குளிர் அறைக் கதவுக்கு எதையும் முட்டுக் குடுக்கக் கூடாது."

"மெனேஜர் உள்ளுக்குப் போக முந்தி எடுத்தீங்களா? பொறகு எடுத்தீங்களா?"

"பாடத்துல நேரம் சொல்லல, சார்."

றிஸ்வி பேனாவைக் கீழே வைத்தார். இருபத்தேழு வருட சர்வீஸில் இப்படி ஒரு சாட்சி அவருக்குக் கிடைத்ததில்லை.

"மெனேஜர் உள்ளுக்குப் போனது ஏன்?"

"ஹோட்டல் ஓடர்ல பத்து பெட்டி கொறையுதுன்னு சொன்னேன். எண்ணப் போனாரு."

"கொறைஞ்சிச்சா?"

"இல்ல, சார். சரியாத்தான் இருந்திச்சு."

"ஹ்ம்... உள்ளுக்கிருந்து கதவத் தொறக்க ஏலாதா?"

"ஏலும், சார். கதவுக்குப் பக்கத்துலயே பச்சையா ஒரு பெரிய குமிழ் இருக்கு. கைய வச்சு ஒரு அமுக்கு. பட்டுன்னு தொறக்கும். பன்னெண்டாம் பாடம்."

"அப்ப மனுசன் ஏன் அமுக்கல்ல?"

"அதுலதான் சார், கோட்டு மாட்டியிருக்கு!"

றிஸ்வி நிமிர்ந்தார்.

விஷயம் இதுதான். கூல் ரூமுக்குள் போகிறவர்கள் போட்டுக்கொள்ள அங்கே ஒரு தடித்த கோட் உண்டு. ஃபெக்டரி திறந்த நாளிலிருந்து அது பச்சைக் குமிழில்தான் தொங்குகிறது. எல்லாருக்கும் அது கோட் கொளுவுகிற கொக்கி! கதவுக்குக் கட்டை இருக்கும்போது குமிழை யார் தேடுகிறார்கள்? கஜேந்திரனும் தேடவில்லை. குமிழிலிருந்து கோட்டை எடுத்தார். போட்டுக்கொண்டார். பொத்தான்களை ஒழுங்காகப் பூட்டினார். பிறகு மொட்டையாக நின்ற குமிழுக்குப் பக்கத்திலேயே நின்று, அரை மணி நேரம் கதவைக் குத்தினார்!

"இருவதாவது கேள்வியே அதுதான், சார். 'குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?' மெனேஜர் அதுக்கும் மார்க் எடுத்திருக்காரு. அவருக்குத் தெரியாதுன்னு நான் எப்படி சார் நெனைக்கிறது?"

மேசையில் கம்பியூட்டர் இருந்தது. றிஸ்வி தன் பக்கம் திருப்பினார். தட்டினார். கண் விரிந்தது!

ஒரே நாள். ஒரே கம்பியூட்டர். அறுபத்திரண்டு சேர்ட்டிபிகேட், இப்போது இருக்கிற ஆட்களை விட இரண்டு கூட. அறுபத்திரண்டும் நூறு! கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைக்கிற வாச்சர், இங்கிலீஷில் நூறு. போன வருடமே துபாய்க்குப் போய்விட்ட பழனியாண்டி, அங்கிருந்தபடியே நூறு!

"இதெல்லாம் செஞ்சது யாரு?"

"நான்தான், சார்."

அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

"சேர்ட்டிபிகேட் இல்லாட்டி ஹோட்டல்காரங்க ஓடர் குடுக்க மாட்டாங்களாம். 'கலா, நீதான் படிச்ச புள்ள, சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் அமுக்கி முடி'ன்னாரு மெனேஜர். முடிச்சேன். தம்பிக்கும் நான்தான் அமுக்கினேன்..."

"இத நீங்க கந்தோர்ல சொல்லல்லயா?"

"ஏழு தடவ சொன்னேன். மொதலாளியும் மெனேஜரும் 'அக்காக்காரி தம்பிக்காகப் பொய் சொல்றா'ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. என் பேச்சு செல்லாது, சார். அவங்க வாயால வரணும்."

"மெனேஜருக்கு ஒண்ணுமே தெரியாதுண்டு தெரிஞ்சுதான் கட்டைய எடுத்திருக்கீங்க. இது கொலக் கேஸு, தங்கச்சி!"

"எழுதிக்குங்க, சார்." அவள் கண்ணைத் துடைத்தாள். "ஆனா அத எழுதுறதுக்கு முன்னாடி, இந்தச் சேர்ட்டிபிகேட் பொய்யின்னு எழுதணுமே?"

றிஸ்வி பேனாவைத் தூக்கினார்.

மறுபடி கீழே வைத்தார்.

சேர்ட்டிபிகேட் மெய் என்றால், கஜேந்திரன் தன் கவனயீனத்தால் மாட்டிய மனுசன். கலாராணி வீட்டுக்குப் போகலாம். பொய் என்றால் கலாராணி உள்ளே. ஆனால் ரமேஸின் சேர்ட்டிபிகேட்டும் பொய். முதலாளியும் உள்ளே!

"அல்லாஹ்..." என்றார் றிஸ்வி. "மொதலாளியக் கூப்புடுங்க!"

* * *

"மொதலாளி, ஒரே ஒரு கேள்வி. இந்தச் சேர்ட்டிபிகேட் எல்லாம் மெய்யா, பொய்யா? மெய்யிண்டா இது விபத்து. இவங்க வீட்டுக்குப் போவாங்க. பொய்யிண்டா இவங்கள நான் கூட்டிட்டுப் போவேன்... உங்களயும்!"

முத்துலிங்கம் யோசிக்கவே இல்லை.

"மெய்! நூறு வீதம் மெய்! அந்தப் பிள்ளையை விடுங்கோ, தங்கமான பிள்ளை. கட்டை எடுத்தது சரிதானே? பாடத்திலயே கிடக்கு!"

"கையெழுத்து வெப்பீங்களா?"

"ரெண்டா வைக்கிறன்!"

வைத்தார். இரண்டு!

கலாராணியின் தோள்கள் சரிந்தன. விடுதலை! யாருக்கு வேண்டும் அது? நாளைக்குப் பத்து மணிக்குத் தம்பி பெயருக்குக் கீழே அந்த வரி ஏறப்போகிறது. மெனேஜர் வாயால் உண்மை வரும் என்று போட்ட கணக்கு, முதலாளியின் ஒரு கையெழுத்தில் முடிந்துவிட்டது.

ட்ரிங்... ட்ரிங்...!

றிஸ்வியின் ஃபோன்.

பார்த்தார். சிரித்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"ஹலோ... யாரு பேசுற?"

"நா... நான்... கஜேந்திரன் பேசுறேன், சார்! ஆஸ்பத்திரியிலருந்து!"

முதலாளியின் கையிலிருந்த பேனா தரைக்குப் போனது.

பிணம் என்று சொன்னது ராக்கம்மாதான். அம்புலன்ஸ்காரர்கள் சொல்லவில்லை. றிஸ்வியும் சொல்லவில்லை. முதலாளி விசாரிக்கவே இல்லை!

"சார், அந்த கலாராணிய விட்றாதீங்க! கட்டைய எடுத்தது அவதான்! என்னயக் கொல்லப் பாத்தா! தூக்கு வாங்கிக் குடுக்காம நான் இந்தக் கட்டில விட்டு எந்திரிக்க மாட்டேன்!"

றிஸ்வி பேசுவதற்கு முன்னால் கலாராணி ஃபோனை நோக்கிக் குனிந்தாள். குரலில் தேன்!

"சார்... நூத்துக்கு நூறு எடுத்தவரு நீங்க. குமிழ ஒரு அமுக்கு அமுக்கியிருக்கலாமே, சார்? கோட்டு மட்டும் போடத் தெரிஞ்சிச்சா?"

"அடியேய்!"

"வாச்சருக்கே தெரியும், சார். அவரும் நூறு. ஒங்களுக்குத் தெரியலன்னா ஊரே சிரிக்கும்."

"கஜேந்திரன்! பேசாத! ஃபோனை வை!" முதலாளி பாய்ந்தார். றிஸ்வியின் வயிறு குறுக்கே வந்தது. வயிற்றைத் தாண்டி ஃபோனுக்குப் போக வழியில்லை!

ஃபோன் வெடித்தது.

"யாருடி நூறு எடுத்தது? நீ எடுத்தது! எனக்கு ஒரு எழவும் தெரியாது! ஒரு பாடம் நான் பாத்ததில்ல! அங்க எவனுக்கும் தெரியாது! ஒன் தம்பிக்கும் தெரியாது! அறுபத்திரண்டு பேருக்கும் நீதானடி அமுக்கினே? அமுக்குன்னு நான்தானே சொன்னேன்? சொல்லச் சொல்லி மொதலாளிதானே சொன்னாரு? தெரிஞ்சேதானடி என்ன உள்ள அனுப்பினே... கொலகாரி!"

றிஸ்வி ஃபோனைக் கையில் எடுத்தார்.

"கஜேந்திரன்," என்றார் றிஸ்வி. "எல்லாம் ரெக்கோட் ஆகிட்டு. நல்லா ரெஸ்ட் எடுங்க. நாங்க இப்பவே வாற. கையெழுத்து ஒண்ணு தேவ."

முதலாளி கதிரையில் உட்கார்ந்தார். உட்காரவில்லை, விழுந்தார்.

"இன்ஸ்பெக்டர்... அந்தப் பேப்பரைக் கிழிக்கேலாதே? ஒரு கையெழுத்துத்தானே..."

"ரெண்டு கையெழுத்து வெச்சிருக்கீங்க, மொதலாளி. பொய் வாக்குமூலம். எப்படிக் கிழிக்கிற?"

பிறகு அவர் கலாராணி பக்கம் திரும்பினார்.

"ராக்கம்மா கதவத் தொறந்தது பத்து நாப்பதுக்கு. அம்புலன்ஸுக்கு நீங்க கோல் எடுத்தது பத்து முப்பத்தஞ்சுக்கு. அஞ்சு நிமிசம் முந்தி!"

"ஆமா, சார். வெனிலா எடுத்துட்டு வாங்கன்னு அக்காவ அனுப்புனதும் நான்தான்." அவள் நேராகப் பார்த்தாள். "அவருக்கு முப்பது நிமிஷம் குடுத்தேன். கோட்டோட. போயா லீவுக்கு மொத நாள் சாயங்காலம், கட்டை நழுவி மாட்டினவன் என் தம்பி. தோட்டத்துக்குப் போயிட்டான், ஹேவாஹெட்டையில அம்மாகிட்ட இருக்கான்னு நான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். அவனுக்குக் கெடைச்சது ரெண்டு ராத்திரியும் ஒரு பகலும்."

றிஸ்வி தொப்பியைக் கழற்றினார்.

"இருவதாவது கேள்விக்கு அறுபத்திரண்டு தடவ சரியா அமுக்கினேன், சார். சோறு போடுறப்ப ஒரு வார்த்த அவன்கிட்ட சொல்லல. அதுக்கு எந்தக் கோர்ட்டுல சார் கேஸ் போடுறது?"

"அதுக்கு இல்ல, தங்கச்சி. கட்டைய எடுத்ததுக்கு ஈக்கு. கேஸ் வரும். லேசா விட மாட்டாங்க."

"வரட்டும். நாளைக்கு அந்த வரி வராதுல்ல?"

"வராது. அதுக்கு நான் பொறுப்பு."

"அப்போ ஜீப்புல ஏறுறேன்."

* * *

ஜீப் கணவாயை விட்டுக் கண்டிப் பக்கம் திரும்பியது. பின் சீட்டில் முதலாளி வியர்த்துக்கொண்டிருந்தார்.

பிலிமத்தலாவை தாண்டும்போது றிஸ்வியின் ஃபோன் 'டிங்' என்றது. பார்த்தார். நெளிந்தார். இருமினார்.

"தங்கச்சி... மேலிடத்துலருந்து எங்களுக்கும் ஒரு ஒன்லைன் பயிற்சி வந்தீக்கு. 'சந்தேக நபரைப் பாதுகாப்பாக அழைத்துச் செல்வது எப்படி?' இருவது கேள்வி. இண்டைக்குத்தான் கடேசி நாள். உங்களுக்குக் கை பழகினதுதானே...?"

கலாராணி ஃபோனை வாங்கினாள்.

திருப்பி அவர் கையிலேயே வைத்தாள்.

"நீங்களே படிங்க, சார். நான் எங்கயும் ஓடிற மாட்டேன்."

படித்தார். பேராதனைப் பாலம் வரைக்கும் உதடு அசையப் படித்தார். இருபது கேள்விக்கும் தன் விரலாலேயே அமுக்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு முடிவைப் பார்த்தார்.

"எவ்வளவு, சார்?"

"நாப்பது... ஃபெயில்!"

மூன்று மாதத்துக்குப் பிறகு கலாராணி முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பரவாயில்ல, சார்! சொந்த மார்க்குதானே!"