அரை ஜிபி

கேரலின் சர்வருக்குள் வெளியிலிருந்து எதுவும் வர வழியில்லை. எல்லாக் கதவுகளையும் அவளே அடைத்திருந்தாள். அடைத்ததை மூன்று முறை சரிபார்த்து, மூன்று முறையும் நோட்டில் டிக் போட்டிருந்தாள். இருந்தும் திரையிலிருந்த வரைபடம், நிமிடத்துக்குப் பதினாறு பாக்கெட் தகவல் உள்ளே வருவதாகக் காட்டியது. மறுநிமிடமும் பதினாறு.

தான்தான் எங்கோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். எதற்கும் முதலில் அப்படி நினைப்பது அவள் வழக்கம்.

ஈஜிபுராவில் ஒரு டயர் கடையின் மூன்றாவது மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்கு அகாடமி என்று பெயர். கீழேயிருந்து ஏறிவரும் ரப்பர் நெடி, விட்டுவிட்டுச் சீறும் கம்ப்ரஸர், பதினான்கு பழைய கம்ப்யூட்டர்கள், சுவரில் ஒரு மேகத்தின் படம், அந்த மேகத்தின் மேல் பல்லி எச்சம். பாடம் நடத்திய சுதீரை எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி இரண்டே வருடத்தில் வெளியே அனுப்பியிருந்தது. அந்தக் கோபத்தை அவர் மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை இவர்கள் மேல் இறக்கி வைப்பார். கேரல் பகலெல்லாம் லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டி.சி. டைப் செய்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, இதைக் கேட்கத்தான் வருகிறாள்.

முதல் வகுப்பில் இணையத்தில் ஆளுக்கொரு சர்வர் வாடகைக்கு எடுத்து, அதற்குத் தங்கள் பெயரையே வைக்கச் சொன்னார். அநேகமாக எல்லோரும் இரண்டு சிபியு, நான்கு ஜிபி மெமரி எடுத்தார்கள். கேரல் பட்டியலில் வரி மாறிக் கைவைத்துவிட்டாள். பதினாறு சிபியு, அறுபத்து நான்கு ஜிபி, நெட்வொர்க் பன்னிரண்டரை ஜிகாபிட் வரை.

"அந்த 'வரை'யப் பாத்து மயங்காத மா," என்றார் சுதீர். "கொஞ்ச நேரம் கிடைக்கும், அப்புறம் அடிமட்டம். உன் இங்கிலீஷ் மாதிரி."

வகுப்பு சிரித்தது. பெரிதாகச் சிரித்தவள் ரக்ஷா. வேண்டுமென்றே பெரிய சர்வர் எடுத்தவள் அவள் ஒருத்திதான். "ஏ கேரல், இதையும் நோட்ல எழுதிக்கோ. தேதி போட்டு," என்றாள்.

கேரல் எழுதித்தான் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பஸ் தாமதம். மூன்று மாடியும் ஓடி ஏறி வந்து உட்கார்ந்தபோது வரைபடம் முப்பத்து நான்கு காட்டியது. மெல்ல இறங்கிப் பதினாறில் நின்றது. புதன்கிழமை கர்ச்சீப்பை மூக்கில் அழுத்தி, நாற்பது எண்ணும் வரை மூச்சை அடக்கினாள். அந்த நிமிடத்துக்கு வரைபடம் காட்டியது ஐந்துதான். மறுபடி செய்தாள். ஐந்து. நோட்டில் 'தற்செயலாக இருக்கலாம்' என்று எழுதி, அதன் கீழே கோடு போடப் போனவள் போடாமல் நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சுதீர் ரக்ஷாவின் சர்வரைச் சிறிதாக்கினார். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் அளவை மாற்ற முடியாது. முதலில் நிறுத்த வேண்டும், மாற்றிவிட்டு மறுபடி ஓடவிட வேண்டும். அதைத்தான் செய்து காட்டினார். நிறுத்திய இரண்டு நிமிடமும் ரக்ஷா மேஜையில் முகம் கவிழ்த்துக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எழுந்தாள். அன்றிலிருந்து கடைசி வரிசையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கேள்விதான் கேட்கிறாள்.

"டைம் என்ன ஆச்சு?"

பதில் சொன்னால் தலையாட்டுவாள். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்பாள்.

இன்று திங்கள். அடுத்து யாருடைய சர்வரைச் சிறிதாக்கலாம் என்று சுதீர் பெயர்ப் பட்டியலில் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"கேரல். ஏன்மா, சும்மா எதுக்கு அறுபத்தி நாலு ஜிபி? உன் தலையில ரெண்டு ஜிபி கூட இல்ல."

"சார், என்னோடத மட்டும் விட்டுடுங்க சார்."

"ஏன், உள்ள ராக்கெட் ஓட்டறியா?"

சிரிப்பு. வரைபடம் இருபத்தெட்டு.

"சார், ரக்ஷாவப் பாருங்க. வெள்ளிக்கிழமையிலேர்ந்து அவ..."

"அவளா? இப்பதான் அடக்கமா இருக்கா. நல்லதுதானே? உனக்கு அரை ஜிபி போதும்."

இந்த ஆள் தெரிந்தே செய்கிறாரா, தெரியாமலா? தெரியாது என்றுதான் தோன்றியது. பட்டனை அமுக்குவதைத் தவிர அவருக்கு எதுதான் தெரியும். அறுபத்து நான்கில் அரைதான் மிஞ்சும் என்றால் எந்த அரை? அம்மாவின் முகமா, வீட்டுக்குப் போகும் வழியா? பையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஓடி என்ன பயன், சர்வர் இங்கே அவர் கையில். ஒருவேளை எல்லாமே தன் பைத்தியக்காரத்தனமாகவும் இருக்கலாம். கை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தது. என் பெயர் கேரல். வீடு லிங்கராஜபுரம். சர்ச்சுக்கு எதிர்ச் சந்து. பச்சைக் கேட்.

நாற்பத்தொன்று.

"சார், ப்ளீஸ்!"

"நாடகம் போதும். எல்லாரும் இங்க பாருங்க. முதல்ல என்ன செய்யணும்?"

"நிறுத்தணும் சார்," என்றது வகுப்பு.

ஐம்பத்திரண்டு. கம்ப்ரஸர் சீறியது. ரப்பர் நெடி. சுதீரின் விரல்.



மேஜை. கன்னத்தில் குளிர்ச்சி.

வெளிச்சம். ஒரு திரை. யாரோ சிரிக்கிறார்கள்.

"எழுந்துட்டா பாரு. இவளுக்கு இதுவே ஜாஸ்தி."

அவள் நிமிர்ந்தாள். முன்னால் ஒரு நோட்டு. அழகான கையெழுத்து. படித்தாள். என் பெயர். அடுத்த சொல்லுக்குப் போனாள். முதல் சொல் போய்விட்டது. திரும்பி வந்தாள். என் பெயர்.

பச்சை. எது பச்சை?

பெஞ்சுகள் நகர்ந்தன. காலடிகள் படியிறங்கின. யாரோ "பை கேரல்" என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள்? பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் ஒரு பெண். கைகள் மடியில்.

"டைம் என்ன ஆச்சு?"

அந்தப் பெண்ணின் உதடு அசையவில்லை. கேட்டது தன் வாய்.

விளக்கு அணைந்தது. கதவு பூட்டும் சத்தம். திரை மட்டும் எரிந்தது. அதில் ஒரு கோடு. கோட்டில் ஒரு புள்ளி.

புள்ளி விழுந்தது. அவள் நெஞ்சு விரிந்தது. மூச்சு வந்தது.

நின்றது.

பின்னால் இன்னொரு நெஞ்சும் விரிந்தது. நின்றது.

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். அடுத்த புள்ளி வர வேண்டும். வந்தால்தான் மூச்சு.

இன்னும் வரவில்லை.