எந்த வீடு?

ரான்னிச் சந்தைக்குப் பின்னால், பழைய அரிசிக் கிடங்கின் ஓரத்தில் ஒற்றை அறை. அதில் குருவிளா உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் தொலைபேசி இலாகாவில் கம்பம் ஏறியவர். முழங்கால்கள் இரண்டும் கைவிட்ட பிறகு, தரையிலேயே இருந்து ஊர்க்காரர்களின் போன்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். எதிர் பெஞ்சில் அம்பிளி. ஆட்டோ ஓட்டுகிறவள், சவாரி இல்லாத நேரத்தில் துப்பறியும் கதைகள் படிக்கிறவள். தெருவில் ஒரு கோழி காணாமல் போனாலும் கைரேகை எடுக்கலாமா என்று கேட்கும் ரகம்.

மேட மாதத்துக் கொளுத்தும் வெயிலில், பதினோரு மணிக்கு, சுகதன் வந்து வாசலில் நின்றான். ஐம்பது வயது, அகன்ற தோள்கள். கையில் ஒரு வண்டிச் சாவி.

"உட்காரு சுகதா" என்றார் குருவிளா.

"வேணாம் அச்சாயா. உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது. இந்தச் சாவியை அஞ்சு மணிக்குள்ள சோசாம்மச் சேச்சிகிட்ட திருப்பிக் கொடுக்கணும். பதினாலு வருஷ வேலை இன்னையோட முடிஞ்சுது. வேலை போனா போகட்டும். ஆனா என்னைத் திருடன்னு சொல்றாங்க."

சோசாம்மாவிடம் இரண்டு ஃப்ரீசர் பெட்டிகள் உண்டு. சாவு விழுந்த வீட்டில், வளைகுடாவிலிருந்து மகனோ மகளோ வந்து சேரும்வரை உடலைக் கிடத்தி வைக்கும் பெட்டிகள். அவள் கணவர் பேபிச்சாயன் தொடங்கிய தொழில். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பெட்டிகளைச் சுமப்பதும் வண்டி ஓட்டுவதும் சுகதன்தான்.

"இந்த மாசம் மட்டும் நாலு வீடு கைவிட்டுப் போச்சு" என்றான் சுகதன். "நாலுக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஷாஜியோட பெட்டி போச்சு. வந்த போனை எல்லாம் நான் ஷாஜிக்குத் தள்ளி விடுறேன்னு சேச்சி சொல்றாங்க."

"போன் யார்கிட்ட இருக்கும்?"

"ஒரே போன், ஒரே நம்பர். பெட்டி வைக்கிற ஷெட்டுல நான் இருந்தா என்கிட்ட. வண்டி எடுத்தா சேச்சிகிட்ட கொடுத்துட்டுப் போவேன். அந்தப் போனைக் கையில பிடிக்கவே பயமா இருக்கு அச்சாயா. கடன் வேணுமா, வீட்டுமனை வேணுமா, உங்க லைன் துண்டிக்கப்படும் ஒன்பதை அழுத்துங்க... நாள் முழுக்க மிஷின்தான் பேசுது. போன வருஷம் அப்படி ஒருத்தன் ஆபீசர்னு சொல்லி நாலு மணி நேரம் சேச்சியை லைன்லயே பிடிச்சு வெச்சு, மூணாவது பெட்டிக்குச் சேர்த்த பணத்தை உருவிட்டான்."

"நம்பரை மாத்தித் தொலைக்கறதுதானே?" என்றாள் அம்பிளி.

"எல்லாச் சர்ச் நோட்டீஸ் பலகையிலும், கோயில் கமிட்டி சுவத்திலும் இந்த நம்பர்தான் இருக்கு. சாவு விழுந்த வீட்டுல உட்கார்ந்து எவன் புது நம்பர் தேடுவான்? தெரியாத நம்பர்னு எடுக்காம இருக்கவும் முடியாது. எங்களுக்கு வர்ற ஆளே தெரியாத நம்பர்தான்."

"நீ எடுத்தா என்ன சொல்லுவ?" குருவிளா கேட்டார்.

"எந்த வீடுன்னு கேப்பேன். கேட்டுட்டுக் காத்திருப்பேன்."

"ஹலோன்னு சொல்ல மாட்டியா?" அம்பிளி சிரித்தாள்.

"சாவு வீட்டுக்காரங்ககிட்ட அது வாயில வராது."

குருவிளா அம்பிளியின் போனை வாங்கினார். தாங்கள் வரப்போவதைச் சோசாம்மாவுக்குச் சொல்ல அந்த எண்ணை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு கட்டன் சாயாவை ஒரு வாய் உறிஞ்சினார். அந்தப் பக்கம் எடுத்தார்கள். அவர் விழுங்கி முடித்து வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது.

"இந்தக் கிடங்குல சிக்னலே நிக்காது அச்சாயா" என்றாள் அம்பிளி.

குருவிளா போனை ஒரு நொடி பார்த்துவிட்டு, "சுகதா, உங்க ஷெட்டுல என்ன சத்தம் கேக்கும்?" என்றார்.

"கம்ப்ரசர் சத்தம். ரெண்டும் ஓடினா மாவு மில் மாதிரி இருக்கும். ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்று அவர் எழுந்தபோது முழங்கால் இரண்டும் சடசடத்தன.

ஆட்டோவில் அம்பிளி வாய் மூடவில்லை. "எனக்குப் புரிஞ்சு போச்சு அச்சாயா. ஒரு ரகசிய நம்பரை அழுத்தினா, நமக்கு வர்ற காலெல்லாம் வேற போனுக்குப் போகுமாமே! அந்த வித்தையைச் சுகதன் ஷாஜிக்குச் செஞ்சு கொடுத்திருக்கான். போன வாரம் ரெண்டு பேரும் ஒண்ணா சாயா குடிச்சதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"பின்னாடிதான் அவன் உட்கார்ந்திருக்கான் அம்பிளி."

"தெரியும். இருக்கட்டும். நேர்மையான விசாரணைன்னா முகத்துக்கு நேரா சொல்லணும்."

பின்னால் சுகதன் பெருமூச்சு விட்டான்.

நாலு வீடுகளில் கடைசியாகச் சாவு விழுந்த லீலாமணி டீச்சர் வீட்டுக்கு முதலில் போனார்கள். கணவர் இறந்து எட்டு நாள். சாய்வு நாற்காலியின் மேல் அவருடைய துண்டு இன்னும் கிடந்தது. டீச்சர் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். மதியம் ஒன்று நாற்பதுக்கு ஒரு அழைப்பு. ஒன்று நாற்பத்தொன்றுக்கு இன்னொன்று. இரண்டும் சோசாம்மாவின் எண்ணுக்கு.

"எடுத்தாங்க. ரெண்டு தடவையும் எடுத்தாங்க. ஒண்ணும் பேசல, வெச்சுட்டாங்க. அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் ஷாஜிக்குப் போட்டான்."

"எடுத்தப்போ ஏதாவது சத்தம் கேட்டுதா டீச்சர்?"

"கீச்சு கீச்சுன்னு ஏதோ... பிரேக் தேய்ஞ்ச ஆட்டோ மாதிரி."

தன் ஆட்டோவைச் சொன்னது போல அம்பிளிக்குச் சுருக்கென்றது. குருவிளா அவள் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க டீச்சர்?"

"நானா?" டீச்சர் நாற்காலித் துண்டைப் பார்த்தாள். "தெரியல. என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகமே இல்ல."

ஷாஜியின் கடையில் அம்பிளி முந்திக்கொண்டு, குற்றவாளியைப் பிடிக்கும் குரலில், "சுகதனோட உனக்கென்ன சாயா சகவாசம்?" என்றாள்.

"பெட்டி மூடியோட ரப்பர் போயிருச்சுன்னு ஒரு பழைய ரப்பர் கேட்டு வந்தான், கொடுத்தேன். அதுக்கு ஒரு சாயா வாங்கித் தந்தான். அதுலயும் சர்க்கரை இல்ல" என்றான் ஷாஜி. "அந்த நாலு வீட்டுக்காரங்களும் என்கிட்ட ஒரே விஷயத்தைத்தான் சொன்னாங்க. அங்க போன் எடுக்கறாங்க, பேச மாட்டேங்கறாங்கன்னு. வந்த பொழைப்பை நான் வேண்டாம்னா சொல்ல முடியும்? இரு, போன் அடிக்குது." எடுத்துக் கேட்டான். முகம் சுண்டிப்போனது. "கடன் வேணுமாம்" என்று வைத்தான். கிளம்பும் முன் குருவிளா அவனிடம் மற்ற மூன்று வீடுகளின் எண்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

நாலு மணிக்குச் சோசாம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். ஷெட் வீட்டிலிருந்து தள்ளி, மெயின் ரோட்டில் இருக்கிறது; பெட்டி வண்டி மட்டும் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றது. வீட்டு முன்வராந்தாவில் பேபிச்சாயன் வளர்த்த லவ் பேர்ட்ஸ் கூண்டு, ஆறு பறவைகள். பக்கத்து நாற்காலியில் சோசாம்மா, மடியில் போன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சுகதன் படி ஏறாமல் முற்றத்திலேயே நின்றான்.

"சாவியை மேசையில வெச்சிட்டுப் போகச் சொல்லுங்க அச்சாயா" என்றாள் சோசாம்மா. "இவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு முடியல. கூடப்பிறந்தவன் மாதிரி நெனச்சேன்."

"அஞ்சுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குருவிளா அவள் போனை வாங்கிப் பார்த்தார். அழைப்பை வேறெங்கும் திருப்பி விடும் ஏற்பாடு எதுவும் இல்லை. அம்பிளியின் ரகசிய நம்பர் வித்தை அதோடு செத்தது. பிறகு அவர் வந்த அழைப்புகளின் பட்டியலைக் கீழே கீழே தள்ளி நிதானமாகப் படித்தார். கால் மணி நேரம் ஆனது. போனைத் திருப்பித் தந்துவிட்டு, அம்பிளியின் காதில் ஏதோ சொன்னார்.

அம்பிளி கேட் வரை போய், செம்பருத்தி வேலிக்குப் பின்னால் நின்றாள். கதைகளில் படித்த கட்டம் கடைசியில் தன் கைக்கே வந்துவிட்டது. சொன்னபடி சோசாம்மாவின் எண்ணை அழுத்தினாள். சொன்னபடியே வாயை இறுக மூடிக்கொண்டாள்.

இலைகளுக்கு நடுவே அவளுக்கு எல்லாம் தெரிந்தது. சோசாம்மா போனை எடுத்துக் காதில் வைத்தாள். பேசவில்லை. இடது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது, நடுவிரலைத் தொட்டது, மோதிர விரலைத் தொட்டது. இணைப்பை அறுத்துப் போனை மடியில் போட்டாள். அந்த மூன்று விரல் நேரமும் அம்பிளியின் காதில் கீச்சு கீச்சென்று பறவைகள் கத்தின.

அவள் திரும்பி வராந்தாவுக்கு வந்தபோது ஏனோ ஓடத் தோன்றவில்லை. மெதுவாகத்தான் வந்தாள்.

"இப்ப யாரு சேச்சி கூப்பிட்டது?" என்றார் குருவிளா.

"மிஷின். வேற யாரு?"

"அம்பிளி."

சோசாம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலையில கூப்பிட்டதும் மிஷின் இல்ல, நான்தான்" என்றார் குருவிளா. "சாயா குடிச்சிட்டிருந்தேன், பேசச் சுணங்கிட்டேன். அப்பவே இந்தப் பறவைச் சத்தம் கேட்டுது. டீச்சர் கேட்டதும் இதேதான். ஷெட்டா இருந்தா கம்ப்ரசர் கேட்டிருக்கும். அதனால டீச்சர் கூப்பிட்டப்போ போன் இருந்தது இந்த வராந்தாவுல. உங்க பட்டியலைப் பாருங்க. சுகதன் கையில இருக்கறப்போ தெரியாத நம்பர் ஒவ்வொண்ணும் பத்து விநாடி, பதினஞ்சு விநாடி ஓடியிருக்கு. அவன் எந்த வீடுன்னு கேட்டுட்டு நிக்கறான். உங்க கையில எல்லாமே மூணு விநாடி. டீச்சரோட ரெண்டும் அதுல இருக்கு. மத்த மூணு வீட்டு நம்பரையும் ஷாஜிகிட்ட வாங்கிப் பார்த்தேன். அதுவும் இருக்கு. எல்லாமே மூணு விநாடி."

"நான் பேசக் கூடாது அச்சாயா!" சோசாம்மாவின் குரல் உடைந்தது. "துபாய்ல இருந்து அக்கா மகன் சொன்னான். நாம முதல்ல பேசினா குரலைப் பிடிச்சு வெச்சுக்குவாங்களாம். மூணு எண்ணு, அதுக்குள்ள பேச்சு வரலேன்னா வெச்சிடுன்னான். நான் இருந்த பணம் மொத்தமும் கொடுத்து ஏமாந்தவ. வர்ற நூறுல தொண்ணூத்தாறு மிஷின்தானே?"

"தொண்ணூத்தாறு மிஷின்தான். நீங்க செஞ்சதைத் தப்புன்னு நான் சொல்லல. மிஷினும் முதல்ல பேசறதில்ல. இந்தப் பக்கம் ஆள் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஆரம்பிக்கும். மிச்சம் நாலு இருக்குல்ல சேச்சி? அவங்களாலயும் முதல்ல பேச முடியாது. நம்பரை அழுத்தற வரைக்கும்தான் அவங்களுக்குத் தெம்பு. அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டாத்தான் வாய் திறக்கும். அவங்களும் பேசல, நீங்களும் பேசல."

கூண்டுப் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. இவ்வளவு அலைந்து பிடித்த குற்றவாளி இந்தக் களைத்துப்போன பொம்பளைதானா என்று எண்ணி அம்பிளி தன் போனைப் பைக்குள் போட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" சோசாம்மா முற்றத்தைப் பார்த்துக் கேட்டாள். "இது மிஷின், இது ஆளுன்னு?"

"எனக்கும் தெரியாது சேச்சி" என்றான் சுகதன். "மிஷின்னா நான் கேட்டதும் தானா பேசிடும். பேசற வரைக்கும் நிப்பேன், அவ்வளவுதான்." சாவியைக் கைமாற்றிக்கொண்டான். "பேபிச்சாயன் போன அன்னைக்குக் கோட்டயம் ஆஸ்பத்திரியில இருந்து நீங்க ஒரு நர்ஸ் போன்லதான் கூப்பிட்டீங்க. தெரியாத நம்பர். எந்த வீடுன்னு கேட்டேன், பேச்சே இல்ல. திரும்பக் கேட்டேன், அப்பவும் இல்ல. மிஷின்னா அதுக்குள்ள பேசியிருக்கும். அப்பத்தான் சேச்சியான்னு கேட்டேன்."

"நான் பதில் சொன்னேனா?"

"இல்ல சேச்சி. நானா வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்."

சோசாம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முந்தானையை எடுத்தபோது, "சாவியை மேசையில வைக்காத" என்று மட்டும் சொன்னாள்.

"கைக்குள்ளேயேதான் இருக்கு சேச்சி."

மடியில் போன் அடித்தது. தெரியாத நம்பர். சோசாம்மா எடுத்தாள். கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்குப் போய் அங்கேயே நின்றது.

"எந்த வீடு?"

உற்சாகமான ஒரு பெண் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது: வாழ்த்துகள், உங்களுக்குக் கடன் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அம்பிளி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். குருவிளாவின் மீசையும் அசைந்தது. சோசாம்மா சிரிக்கவில்லை. வைத்தாள். "இப்படி ஒரு நாளைக்கு நூறு தடவை கேக்கணுமா அச்சாயா?"

"கேக்கணும் சேச்சி. இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப்போகையில் மறுபடியும் அடித்தது. வேறொரு தெரியாத நம்பர்.

"எந்த வீடு?" என்றாள் சோசாம்மா.

பதில் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அம்பிளி மனதுக்குள் எண்ணினாள். ஐந்து. எட்டு. மிஷின் பேசவில்லை. பறவைகள் கத்தின. அம்பிளி கொடியில் கிடந்த துணியை உருவி, சத்தமில்லாமல் கூண்டின் மேல் போட்டாள். கூண்டு அடங்கியது.

"இங்கதான் இருக்கேன்" என்றாள் சோசாம்மா போனுக்குள். "அவசரம் இல்ல. மெதுவா சொல்லுங்க."

முற்றத்தில் சுகதனைக் காணவில்லை. கேட்டுக்கு வெளியே பெட்டி வண்டி உறுமும் சத்தம் கேட்டது.