இஸ்திரி வண்டி முகவரி

புடவையை இரண்டு முறை துவைத்து அனுப்ப வேண்டுமாம். பெட்டி கூடாதாம், பில் கூடாதாம், பழைய செய்தித்தாளில் சுற்றினால் போதுமாம். அனுப்ப வேண்டிய இடம்... ஸ்ரீரங்கம், வடக்குச் சித்திரை வீதி முனை, பிச்சைமுத்து இஸ்திரி வண்டி.

அனுசுயா அந்தச் செய்தியை மறுபடியும் படித்தாள். உறையூர்த் தறிகளில் நெய்த பருத்திப் புடவைகளைச் செல்போன் வழியாக விற்கத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்துவிட்டாள். இஸ்திரி வண்டியில் குடியிருக்கும் வாடிக்கையாளரை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஏற்கெனவே சூடு கண்ட பூனை அவள். போன தீபாவளிக்கு ஒருத்தி புதுப்புடவையை வாங்கி, ஆசை தீர உடுத்திவிட்டு, 'கட்டின புடவையை என் தலையில கட்டிட்டீங்க' என்று படமெடுத்துப் போட்டுப் பணத்தையும் பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கே அப்பா ரத்தினவேல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை ஏமாந்தால் கடையை மூடிவிட்டு மறுபடி பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டியதுதான். அந்தக் கடைதான் அனுசுயாவுக்கு உயிர்.

இதிலோ தொட்டதெல்லாம் சந்தேகமாக இருந்தது. துவைத்துவிட்டால் புதுசு என்று எப்படி நிரூபிப்பது? வீட்டு முகவரியும் இல்லை. போதாக்குறைக்கு, சித்தார்த்தன் என்கிற அந்த ஆள் கேட்பதற்கு முன்பே முழுப் பணத்தையும் போட்டு, துவைக்கும் கூலி என்று கூடுதலாகவும் அனுப்பியிருந்தான். அதுதான் தூண்டில் புழு என்றார் அப்பா. தவறிப்போய் அதிகம் வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு லிங்க் வருமாம். தொட்டால் கணக்கே காலியாம்.

'உங்களை மாதிரி ஆளுங்களை நிறைய பாத்திருக்கேன். வீட்டு அட்ரஸ் குடுங்க' என்று சுடச்சுட எழுதினாள்.

'வீட்டுக்கு மட்டும் வேண்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா போதுங்க' என்று பதில் வந்தது. கோபமும் இல்லை, விளக்கமும் இல்லை. திருடனுக்கு இவ்வளவு பணிவு இருக்குமா? இருக்கும், அதுதானே அவன் முதலீடு என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவுகட்டி, துவைக்காத புடவையோடு வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். காவிரிப் பாலம் தாண்டும்போதே வானம் கறுத்துவிட்டது.

வண்டியில் பிச்சைமுத்து இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். ஓர் இளைஞன் மட்டும் காவலுக்கு நின்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் மழை கொட்டத் தொடங்கியது.

"அந்த முனையைப் பிடிங்க" என்று அவன் தார்ப்பாயை அவள் பக்கம் தள்ளினான்.

ஊரார் சட்டைகளைக் காப்பாற்ற ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி இருவரும் அதனடியில் ஒதுங்கினார்கள். கரி வாசனை, கஞ்சி வாசனை, மழை வாசனை... அவன் இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய கண்கள். அதட்டினால் கலங்கிவிடும் போல. என்ன பார்வை இது என்று தன்னைத்தானே கடிந்துகொண்டு அனுசுயா தெருவின் பக்கம் திரும்பினாள்.

துணி வாங்க வந்தீர்களா என்று கேட்டான்.

"இல்ல. ஒரு ஃபிராடைப் பிடிக்க வந்தேன்."

"இந்த வண்டியிலயா?"

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று, துவைக்கும் கூலி வரைக்கும் ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"ஆள் எப்படி இருப்பான்னு நினைக்கிறீங்க?"

"பாத்தவுடனே தெரிஞ்சுடும். கண்ணு ஒரு இடத்துல நிலைகொள்ளாது. திருட்டு முழி முழிப்பான்."

அவன் தார்ப்பாயைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், கரிப்பெட்டியைப் பார்த்தான். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. பிறகு தோள்பையிலிருந்து ஒரு நீலப் புடவையை எடுத்து விரித்தான். கடுகு மஞ்சள் கரையை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியின் உருவம் அப்படியே கருகிப் பதிந்திருந்தது.

"நான்தாங்க அந்த ஃபிராடு."

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை அவனுக்கு. அம்மா பவுனம்மாள் ஹாஸ்டல் சமையல் வேலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் எடுத்த புடவை அது. கோயிலுக்கு என்றால் அதைத்தான் கட்டுவார். அவர் வையம்பட்டியில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இஸ்திரி போட்டு வைப்போமே என்று பிள்ளைக்கு ஆசை. பாதியில் யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டு போன் செய்ய, பெட்டியைப் புடவை மேலேயே வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை அம்மா திரும்பி வருவதற்குள் அதே மாதிரிப் புடவையைத் துவைத்துப் பழசாக்கி அதன் இடத்தில் வைத்துவிடத்தான் இந்தத் திட்டம். வீட்டுக்கு வருகிற பார்சலைக் கீழ் வீட்டு விஜயராணி அக்காதான் வாங்குவார், பிரித்துப் பார்த்து வையம்பட்டிக்குச் செய்தியும் சொல்லிவிடுவார். அதனால்தான் இந்த வண்டி முகவரி. வருகிற புடவை ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் பழசையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றானாம்.

அனுசுயாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்துவிட்டான். அப்படியே புடவையைக் கொடுத்திருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் ஏமாந்தவளின் மனம் லேசில் விடுமா?

"அப்ப இது ஃபிராடுதான். என்னை இல்ல, உங்கம்மாவை."

அவன் சிரிப்பு நின்றது.

"எங்க தறிப் புடவையைப் பழசுன்னு பொய் சொல்லிக் குடுக்க மாட்டேங்க" என்றாள்.

"சரிங்க" என்றான் அவன். அவ்வளவுதான். கருகிய புடவையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மழை முழுசாக விடுவதற்கு முன்பே நடந்துவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் பார்சல் மடியில் கனத்தது. அம்மாவின் முகம் வாடக் கூடாது என்று நினைத்தவனிடம் போய் நியாயம் பேசினோமே... சொன்னது சரிதான், ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. இரவே பணத்தைத் திருப்பி அனுப்பினாள். நல்ல வேளை, தப்பித்தோம் என்றார் அப்பா. அவளுக்குத் தப்பித்த மாதிரியே இல்லை.

சனிக்கிழமை காலையில் சித்தார்த்தனிடமிருந்து செய்தி வந்தது. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டானாம். பவுனம்மாள் கருகலைத் தடவிப் பார்த்தாராம், கொஞ்சம் கண் கலங்கினாராம், இஸ்திரி போடத் தெரியாதவனுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள் என்றாராம். கருகின இடத்தைக் கொசுவத்துக்குள் மறைத்து அதையே கட்டிக்கொண்டு கோயிலுக்கும் போய்விட்டாராம். இப்போது அதே மாதிரி இன்னொன்று வேண்டுமாம்.

'புதுசா, துவைக்காம, பெட்டியில, பில்லோட. வீட்டு அட்ரஸ் கீழே இருக்கு. கொரியர்ல அனுப்புங்க.'

சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. அதுதான் அனுசுயாவுக்குப் பிடிக்கவில்லை. எங்காவது ஒரு கோணல் இருக்காதா என்று தேடித் தேடிப் படித்தாள். பணம்கூடச் சரியாக வந்திருந்தது. கொரியர் போகும், வரும். அதோடு முடிந்தது கதை... அப்படியா?

'கொரியர் கிடையாது. சாயங்காலம் பார்சல் பிச்சைமுத்து இஸ்திரி வண்டியில இருக்கும்' என்று எழுதினாள்.

'ஏங்க... இது ஃபிராடு இல்லையே?'

அவள் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். எந்த ஊர்க் கடைக்காரி பார்சலைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள் என்று அப்பா கேட்டார். நம்பிக்கையான வாடிக்கையாளர் அப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மழை இல்லை. வெயில் சாய்ந்து வீதி மஞ்சளாக இருந்தது. அவன் முன்னாலேயே வந்து நின்றான். பிச்சைமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் குடித்து முடித்திருந்த டீயை மறந்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நகர்ந்தார்.

அனுசுயா பெட்டியை நீட்டினாள்.

"வீட்டு அட்ரஸ் குடுத்திருந்தேனே" என்றான்.

"வீட்டுக்கு அனுப்பினா விஜயராணி அக்காதான் வாங்குவாங்க." பெட்டியை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "நீங்க வாங்கணும்னு தோணுச்சு."

அவன் பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு நீங்க கோவப்பட்டது எனக்குத் தாங்கலைங்க. அதனாலதான் அம்மாகிட்ட உண்மையைச் சொல்ற தைரியமே வந்துச்சு. உங்ககிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அந்தப் பெரிய கண்கள் இன்று அசையாமல் அவள் முகத்திலேயே நின்றன. அனுசுயாதான் தவித்துப்போனாள். தார்ப்பாயைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், கரிப்பெட்டியைப் பார்த்தாள்...

"கண்ணு ஒரு இடத்துல நிலைகொள்ளாதுன்னு சொன்னீங்களே" என்றான் மெதுவாக.

"ஆமா" என்றாள் அவள். "பிடிபட்டுட்டேன்."