நாற்றமுள்ள சோற்றுப் பார்சல்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் ரஜனியின் வீடு இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தது.

கடைக்காரர் டில்ஷானி அக்கா நுகேகொடையிலிருந்து வந்தவர். அவருடைய மொழி சிங்களம். ஆனாலும் ஒழுங்கையில் தமிழ் ஆட்கள் அதிகம் என்பதால், கைப்பேசி அகராதியைப் பார்த்துத் தானே ஒரு கரும்பலகையில் தமிழில் எழுதி வாசலில் வைத்திருந்தார்.

டியூசன் முடிந்து வந்த ரஜனி அதை வாசித்தாள்.

"நாற்றமுள்ள சோற்றுப் பார்சல் கிடைக்கும்."

சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் பலகையை வாசித்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு நாகேந்திரம் மாமா மட்டும் ஒரு பார்சலைக் கையில் எடுத்தார். பிறகு பலகையைக் கண்டார். பார்சலை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மெல்லத் திரும்ப வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

உண்மையில் பலாக்காய்க் கறியின் வாசனை ஒழுங்கை முழுதும் பரவியிருந்தது. ரஜனியின் வயிறே சத்தம் போட்டது. ஆனால் மேசையில் பார்சல்கள் அப்படியே குவிந்திருந்தன. டில்ஷானி அக்காவின் முகம் வாடிப்போயிற்று.

"நங்கி, என்ட சோறு சரியில்லையா?" என்று, தங்கையைக் கூப்பிடும் சிங்களச் சொல்லால் ரஜனியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

ரஜனிக்குப் பாவமாக இருந்தது. சோறு நல்லதுதான், அந்தச் சொல்தான் சரியில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

டில்ஷானி அக்கா கைப்பேசியைத் திறந்து காட்டினார். வாசனை, மணம், நாற்றம் என்று மூன்று சொற்கள் ஒரே வரிசையில் இருந்தன.

"மூண்டும் ஒண்டுதானே? இது பார்க்க வடிவா இருந்திச்சு. அதான் எடுத்தன்."

அகராதியே அப்படிச் சொன்னால் ரஜனி என்ன செய்வாள்? கொஞ்சம் யோசித்தாள். பள்ளிக்கூடத்துச் சிங்களப் பாடம் நினைவுக்கு வந்தது. ஒரு பார்சலுக்கு மேல் குனிந்து, நன்றாக மூச்சை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சோற்றின் மணத்தைப் புகழ்கிறவள்போலச் சிங்களத்தில் சொன்னாள்.

"அக்கே, மே பத் ஹரி கந்தய்."

டில்ஷானி அக்கா திடுக்கிட்டார். "'கந்த' இல்ல நங்கி. 'கந்த' எண்டா மூக்கைப் பொத்தணும். நல்லதுக்கு 'சுவந்த' எண்டு சொல்லணும்."

"ரெண்டும் மூக்குக்குள்ள போறதுதானே அக்கா?" என்றாள் ரஜனி. சொல்லிவிட்டுப் பலகையைப் பார்த்தாள்.

டில்ஷானி அக்காவும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஐயோ, காலையில இருந்து இதையா எல்லாருக்கும் காட்டினன்?"

ஈரத்துணியால் பலகையைத் துடைத்தார். ரஜனி எழுத்துக்கூட்டிச் சொல்ல, "மணக்கும் சோற்றுப் பார்சல்" என்று எழுதினார். 'ண'வுக்கு ஒரு சுழி கூடிவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. நாகேந்திரம் மாமா திரும்பி வந்து இரண்டு பார்சல் வாங்கினார். பின்னேரம் மேசை காலியாகிவிட்டது.

மறுநாள் காலையில் டில்ஷானி அக்கா சோக்குக்கட்டியோடு படியடியில் காத்திருந்தார்.

"நங்கி, 'சுடச்சுட' எண்டு எழுதினா ஆக்கள் சிரிப்பாங்களா?"

ரஜனி நன்றாக யோசித்தாள்.

"இல்லை அக்கா. அவங்களுக்குப் பசிக்கும்."