பதினைந்து சுற்று முடிந்த பிறகு

அந்தப் பழைய மைதானத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. உடை மாற்றும் அறையில் ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் தைல நெடியும் கலந்து அடித்தன. சாம்பியன் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, ஓட்டக் காலணியின் ஆணிகளைத் திருகி இறுக்கிக்கொண்டிருந்தார்.

அன்றைய பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் நான் அவருக்கு பேசர். முன்னால் ஓடி, காற்றை என் நெஞ்சில் வாங்கி, அவருக்கு வேகம் பிடித்துக் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து சுற்றில் பதினைந்து முடிந்ததும் ஒதுங்கிவிட வேண்டும். ஜெயிப்பது அவர்.

"உனக்கு முன்னாடி என் கூடப்பிறந்த தம்பிதான் பேசரா ஓடினான்," என்றார் குரலைத் தாழ்த்தி. "போன வருஷம், இதே இடம். பதினைஞ்சு முடிஞ்சும் ஒதுங்கல. ஜெயிக்கணும்னு ஆசை வந்துடுச்சு பயலுக்கு."

"கால் இடறி விழுந்து செத்துட்டார்னு சொன்னாங்களேண்ணே?"

அவர் காலணியைத் திருப்பிக் காட்டினார். "இந்த ஆணியால குதிகால்ல ஒரே மிதி. நரம்பு அறுந்துச்சு. பின்னாடி வந்தவங்க எல்லாரும் அவன் முகத்து மேலேயே ஏறிப் போனாங்க. அதான் சொல்றேன். ஒதுங்க வேண்டிய இடத்துல ஒதுங்கிடு."

நான் தலையாட்டிவிட்டு மைதானத்துக்கு நடந்தேன்.

ஓட்டம் தொடங்கத் துப்பாக்கி வெடித்தது. பதினைந்து சுற்றும் அவர் மூச்சு என் பிடரியைச் சுட்டுக்கொண்டே வந்தது. கணக்கு முடிந்ததும் உயிர் பிழைத்தவன்போல பாதையின் உள்பக்கப் புல்லில் தாவி விழுந்தேன்.

அவருக்கு முன்னால் இப்போது யாருமில்லை.

"வழிய விடுடா!" என்று கத்தினார்.

வெறும் பாதை.

எங்கிருந்தோ ரத்தம் அவர் முகத்தில் தெறித்தது. முன்னால் ஓடுகிறவனின் குதிகாலிலிருந்து தெறிப்பதுபோல, அடிக்கு ஒரு முறை.

இருபத்தைந்தாவது சுற்றில் கோட்டைத் தாண்டினார். நிற்கவில்லை. பயிற்சியாளர் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவரையும் தரதரவென்று இழுத்துப்போய் உதறிவிட்டு ஓடினார். முப்பதாவது சுற்றில் இடது கெண்டைக்கால் கிழிந்தது. முப்பத்து மூன்றில் வலது கால் எலும்பு முறிந்து, தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது.

அந்த எலும்பையே ஊன்றி இன்னும் அரைச் சுற்று ஓடினார்.

டக். டக். டக்.

பிறகு குப்புற விழுந்தார். பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் எங்கள் கண்ணெதிரே அவர் முதுகில், கழுத்தில், கன்னத்தில் வரிசை வரிசையாக ஆணிக் குழிகள் விழுந்துகொண்டே போயின.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால்களையும் தொடையோடு எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் பார்க்கப் போனேன். வியர்வையில் தலையணை நனைந்திருந்தது. நாய்க்கு இரைப்பதுபோல அவருக்கு மூச்சு இரைத்தது.

"அவன ஒதுங்கச் சொல்லுடா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு முனகினார். "இல்ல, வேகத்தையாவது குறைக்கச் சொல்லு. என்னால முடியல."

"காய்ச்சல்ல பிதற்றுறாரு," என்றார் நர்ஸ்.

நான் போர்வையைப் பார்த்தேன்.

கால்கள் இல்லாத இடத்தில் அது மேலெழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது.

இடது. வலது. இடது. வலது.